அழுக்காக இருந்தவரை யாருக்கும் வேண்டாத காணி: திருகோணமலைப் பற்றரி முற்றம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலையில் மண் கெட்ட கதை என்றால் பேச்சு நேராகச் சீனன்குடாவுக்குப் போய்விடும். பிரித்தானியர் காலத்து 99 எண்ணெய்க் குதங்கள், 1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சு, அதன் பிறகு வந்த ஒப்பந்தங்கள், அரசியல். இந்த ஆய்வு அதைப் பற்றியதல்ல. நகர எல்லைக்குள், வீடுகளுக்கு நடுவே ஈயத்தால் கெட்டுக் கிடந்த 38 பேர்ச் (கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு) காணி ஒன்றைப் பற்றியது. அதைச் சுற்றி நாற்பது குடும்பங்கள் அளவில் இருந்தன. சிலர் 1990இல் இடம்பெயர்ந்து வந்து தங்கியவர்கள், சிலர் 2004 கடல்கோளுக்குப் பிறகு வந்தவர்கள், மிச்சப்பேர் வாடகைக்கு இருந்தவர்கள். காணி உறுதி வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகத் தெருவின் பெயரையும் ஆண்டுகளையும் விட்டிருக்கிறேன். நான் இதில் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். கீழே வரும் பிழைகளில் சில என்னுடையவை.

அந்தக் காணி முதலில் ஒரு பற்றரிக் கடை. கரண்ட் இல்லாத ஊர்களிலிருந்து சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் கார் பற்றரிகளைக் கொண்டுவந்து சார்ஜ் போட்டுக்கொண்டு போவார்கள். ரேடியோவுக்கும் டீவிக்கும் வீட்டில் ஒரு குண்டு பல்புக்கும் அதுதான் வழி. பிறகு மின்சாரம் வந்தது, சார்ஜ் வேலை படுத்தது. செத்த பற்றரிகளை உடைப்பது மட்டும் மிஞ்சியது. கோதைக் கோடரியால் பிளப்பார்கள், அமிலத்தை வேப்பமரத்தடியில் ஊற்றுவார்கள், தகடுகளை இரும்புச் சட்டியில் போட்டு விறகடுப்பில் உருக்குவார்கள். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும், அதற்கு விறகே போதும். உருக்கிய கட்டிகளில் ஒரு பங்கு பழைய இரும்பு லொறியில் கொழும்புக்குப் போனது. இன்னொரு பங்கு மீனவர்களிடம், வலைக்கு ஈயமணி வார்க்கப் போனது. இந்த இரண்டாவது வழியை நாங்கள் வெகுநாள் கவனிக்கவில்லை.

முதலாளிக்கு வயது போய்க் கை நடுங்கத் தொடங்கியதும் முற்றம் மூடப்பட்டது. அவர் இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருந்தார். வேலி விழுந்தது, வேம்பு பட்டது, பிள்ளைகள் அங்கே கிரிக்கெட் விளையாடத் தொடங்கினார்கள்.

முதலில் தெரிந்தது

கண்டுபிடித்தவர் குடும்பநல மாது. அவருடைய கிளினிக்கில் ஒரு பெண்பிள்ளைக்கு இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் இரத்தம் ஏறவில்லை. அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல். தாய் பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார். குழந்தை மருத்துவர் வழமையான கேள்விகளுக்குப் பிறகு, "வீட்டுக்குப் பக்கத்தில் என்ன தொழில் நடக்குது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்காமல் விட்டிருந்தால் இந்த ஆய்வே இல்லை. ஈயம் கலந்த பெற்றோலை இலங்கை 2002இலேயே நிறுத்திவிட்டதால், இப்போது ஒரு பிள்ளையின் இரத்தத்தில் ஈயம் கூடியிருந்தால் அக்கம்பக்கத்தில்தான் தேட வேண்டும் என்று பிறகு விளக்கினார்.

இரத்தம் கொழும்புக்கு அனுப்பப்பட்டது. டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் மூலத்தைத் தேடி அகற்ற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல். அந்தப் பிள்ளையின் அளவு அதைத் தாண்டியிருந்தது. செனகலின் டக்கார் நகருக்கு அருகே ஒரு குடியிருப்பில், 2007இலும் 2008இலும் பற்றரி உடைத்த மண்ணால் 18 பிள்ளைகள் இறந்ததை மருத்துவர் அறிந்திருந்தார். அதனால் அவர் தாமதிக்கவில்லை. ஒரு வாரத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் காணிக்கு வந்தார்.

அளந்தது

ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து கையில் பிடிக்கும் எக்ஸ் கதிர் கருவியோடு இருவர் வந்தார்கள். மண்ணின் மேல் வைத்து ஒரு நிமிடம் பிடித்தால் ஈயத்தின் அளவு தெரிந்துவிடும். முற்றத்துக்குள் மட்டும் பார்ப்பதாகத்தான் திட்டம். வந்த பையன் ஒழுங்கையில் நடக்கும்போது காலடியில் கறுப்புப் பிளாஸ்டிக் துண்டுகள் நொறுங்குவதைக் கண்டு, சும்மா ஒரு முறை அங்கேயும் வைத்துப் பார்த்தான். கருவி காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தான்.

மாரியில் ஒழுங்கை சேறாகும். அதை நிரவ முதலாளி உடைத்த பற்றரிக் கோதுகளை இலவசமாகக் கொடுத்திருக்கிறார். ஊர் நன்றியோடு வாங்கிப் போட்டிருக்கிறது. அதனால் ஈயம் முற்றத்தை விட்டு எப்போதோ வெளியே போய்விட்டது. அன்று 46 இடங்களில் அளந்தோம். அமெரிக்கச் சுற்றாடல் நிறுவனம் குடியிருப்பு மண்ணுக்கு நெடுங்காலம் வைத்திருந்த அளவு கிலோவுக்கு 400 மில்லிகிராம், 2024இல் அதை 200 ஆகக் குறைத்தது. அடுப்பிருந்த இடமும் வேப்பமரத்தடியும் பழைய அளவையே பல மடங்கு தாண்டின. ஒழுங்கையில் இடத்துக்கு இடம் மாறியது.

குழப்பியது வேறொன்று. முற்றத்திலிருந்து நன்றாகத் தள்ளியிருந்த மூன்று வீடுகளின் குசினித் தரையில் அளவு கூடியிருந்தது. தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றில் புழுதி போயிருக்கும் என்று எழுதிவைத்தோம். ஆனிக்கும் ஆவணிக்கும் இடையில் அந்தக் காற்று வீசுவதைப் பார்த்தவர்கள் இந்த விளக்கத்தை உடனே நம்புவார்கள். நாங்களும் நம்பினோம். அதுதான் எங்கள் முதல் பிழை.

ஒன்றைத் தவிர மற்றக் கிணறுகள் தப்பியிருந்தன. நடுநிலை மண்ணில் ஈயம் மேலேயே ஒட்டிக்கொள்ளும், எளிதில் கீழே இறங்காது. ஆனால் அமிலம் ஊற்றிய இடத்தில் அந்த விதி செல்லாது. முற்றத்துக்கு மிக அருகிலிருந்த ஒரு கிணற்று நீர் புளித்திருந்தது, ஈயமும் லீற்றருக்கு 10 மைக்ரோகிராம் என்ற உலக சுகாதார நிறுவன அளவைக் கடந்திருந்தது. அதை அன்றே மூடினோம். குடிநீர்க் குழாய் அந்த ஒழுங்கைக்கு ஏற்கெனவே வந்திருந்ததால் இதில் பெரிய சச்சரவு வரவில்லை.

கூட்டத்தில் நடந்த தவறு

23 பிள்ளைகளின் இரத்தம் பார்க்கப்பட்டது. பாதிக்கு மேல் 5ஐத் தாண்டியிருந்தது. முடிவுகளைச் சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்துச் சொன்னோம். பெயர்களை வாசிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தாயையும் முன்னால் அழைத்துக் கடித உறை கொடுத்தோம். அளவு கூடிய பிள்ளைகளின் தாய்மாருக்கு உறையோடு ஒரு துண்டுப்பிரசுரமும் கொடுத்ததால், யாருடைய கையில் இரண்டு தாள் இருந்தது என்பதைச் சபை முழுவதும் பார்த்துவிட்டது. அடுத்த வாரமே பள்ளிக்கூடத்தில் "ஈயப்பிள்ளை" என்ற பட்டப்பெயர் பிறந்தது. ஒரு தாய் என்னிடம், "தம்பி, நோய்க்கு மருந்திருக்கு எண்டீங்கள். இந்தப் பேருக்கு என்ன மருந்து?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. மூன்று குடும்பங்கள் அடுத்த பரிசோதனைக்கு வரவேயில்லை.

முதலாளியின் பேரனுக்குத்தான் அளவு மிக அதிகம். இது வெளியே வந்ததும் அவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் மாறியது. அவர் சொன்னதையும் பதிவு செய்ய வேண்டும்: "நான் விஷம் வித்தனெண்டு எழுதாதேங்கோ. அந்தக் காலத்தில இந்தப் பக்கம் ரேடியோ பாடினது என்ர பற்றரியிலதான்." அதுவும் உண்மைதான்.

முடிவுகளும் காரணங்களும்

மண்ணைத் தொடுவதற்கு முன் ஆறு வாரம் வீடுகளில் வேலை செய்தோம். தும்புத்தடியால் உலர்ந்த தரையைக் கூட்டுவதை நிறுத்தி ஈரத்துணியால் துடைப்பது, செருப்பை வாசலில் விடுவது, சாப்பிடுமுன் கை கழுவுவது, முற்றத்துக்கு வேலி போட்டுப் பந்து உள்ளே போனாலும் எடுக்காமல் விடுவது. மருந்து யாருக்கும் கொடுக்கப்படவில்லை. ஈயத்தை உடம்பிலிருந்து இழுத்து வெளியேற்றும் மருந்து மிக உயர்ந்த அளவுகளுக்குத்தான் என்று மருத்துவர் விளக்கினார். இரும்பும் கல்சியமும் உள்ள சாப்பாடு, மூலத்திலிருந்து விலகல், திரும்பத் திரும்பப் பரிசோதனை. ஊருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. "ஒண்டும் செய்யேல்ல" என்றார்கள்.

மண்ணுக்கு மூன்று வழிகள் பேசப்பட்டன. முழுவதையும் வெட்டி ஏற்றுவது முதலாவது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நகருக்குள் நூற்றுக்கணக்கான லோட் நஞ்சுமண்ணை டிப்பரில் ஏற்றி வேறொரு ஏழை ஊரின் பக்கம் கொட்டுவதுதான் அதன் நடைமுறை வடிவம். இரண்டாவது, மண்ணில் பொஸ்பேற் கலப்பது. ஈயமும் பொஸ்பேற்றும் சேர்ந்தால் எளிதில் கரையாத ஒரு கனிமம் உருவாகும், பிள்ளை விழுங்கினாலும் உடம்பில் சேர்வது குறையும். கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் ஒரு ஏழைக் குடியிருப்பில் மீன்முள் தூளைக் கலந்து இதைச் செய்தார்கள், வேலைக்கும் அயலவர்களையே எடுத்தார்கள். எங்களுக்கு அனுராதபுர மாவட்டத்து எப்பாவலப் பாறைப் பொஸ்பேற் நாட்டுக்குள்ளேயே கிடைத்தது. மூன்றாவது, மோசமான பகுதியை மட்டும் அகற்றி மிச்சத்தைச் சுத்தமான மண்ணால் மூடுவது.

மூன்றாவதைத் தேர்ந்தோம், இரண்டாவதை ஒரு மூலையில் சோதித்தோம். அந்தச் சோதனை தோற்றது என்று சொல்வதைவிட, அதைத் தவறாக வடிவமைத்தோம் என்று சொல்வது சரி. கருவி அளப்பது மண்ணிலுள்ள மொத்த ஈயத்தை. பொஸ்பேற் மொத்தத்தைக் குறைக்காது, கரையும் தன்மையைத்தான் குறைக்கும். நான்கு மாதம் கழித்து அதே கருவியை அதே இடத்தில் வைத்து, அதே எண்ணைப் பார்த்து, "மருந்து போட்டும் குறையேல்ல" என்று ஊர் முடிவு கட்டியது. விளக்கிப் பார்த்தோம், பயனில்லை. எப்பாவலப் பாறை மெதுவாகக் கரையும் வகை என்பதும் எங்களுக்குச் சாதகமாக இல்லை. அந்த மூலையையும் மற்றதோடு சேர்த்து மூடிவிட்டோம்.

வேலை

காலம்தான் பெரிய நெருக்கடி. ஐப்பசியிலிருந்து தை வரை மழை, வெட்டிய மண் ஒழுங்கை வழியாக வடிந்துவிடும். ஆனியிலிருந்து கச்சான், புழுதி. இடையில் மாசி, பங்குனி, சித்திரை, வைகாசிதான் கையில் இருந்தன. 1980 இலக்கம் 47 தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008 ஒழுங்குவிதிகளின்படி, இவ்வகைக் கழிவை அனுமதிப்பத்திரம் உள்ளவர்தான் ஏற்றிச் செல்லலாம். அந்த ஆளைப் பிடிக்கவும் ஓர் அலுவலகத்தில் கோப்பு ஐந்து வாரம் தூங்கி எழும்பவும் சித்திரை வருடப்பிறப்பு போய்விட்டது. வைகாசியில் தொடங்கினோம்.

அடுப்படியிலும் வேம்படியிலும் 40 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வெட்டி, இரட்டைப் பைகளில் கட்டி ஏற்றினோம். தகட்டுத் துண்டுகளும் கசடும் தனியாகப் போயின. பட்ட வேம்பின் வேர்களையும் விடவில்லை. ஒழுங்கையின் கோதுகளைப் பெக்கோவால் சுரண்டி எடுத்துக் கொங்கிரீட் போட்டோம். மிச்ச முற்றத்தின் மேல் செம்மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் வலையை விரித்து, அதன்மேல் 30 சென்ரிமீற்றர் கிரவல் மண், மரம் நடும் இடங்களில் 60. கணக்குப்படி 100 கியூபுக்கு (ஒரு கியூப் நூறு கன அடி) மேல் மண் தேவைப்பட்டது. வலை எதற்கு என்றால், பின்னாளில் யாராவது வெட்டினால் அதைக் கண்டதும் நிறுத்த வேண்டும். வலை போதாமல் போனபோது கடற்கரையிலிருந்து கழித்த வலைகளைக் கொண்டுவந்து விரித்தோம். அந்தச் சிக்கனம் பின்னால் எங்களைத் தேடி வந்தது.

வந்த கிரவலைச் சோதிக்காமல் முதல் ஐந்து லோட்டைக் கொட்டவிட்டோம். அதில் ஒன்று இடித்த கட்டடத்தின் மண். செங்கல்லும் வர்ணம் பூசிய சாந்தும் அதில் கிடந்தன. பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். திருப்பி அனுப்ப டிப்பர்க்காரரோடு ஒரு பகல் சண்டை. மாஸ்க் போடாத தொழிலாளர்களோடு தினமும் சண்டை. பவுசரால் காலை, மாலை தண்ணீர் தெளித்தோம்.

குசினித் தரையின் விடை

எட்டு மாதத்தில் பெரும்பாலான பிள்ளைகளின் அளவு இறங்கியது. இரத்தத்திலுள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகும், ஆனால் எலும்பில் தங்கியது ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசியும். அதனால் முற்றாக இறங்காதது வியப்பில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏறியிருந்தது. இரண்டுமே முதலில் குழப்பிய அந்த மூன்று வீடுகளில் சேர்ந்தவை.

இந்த முறை கருவியை விட்டுவிட்டு அந்த வீடுகளுக்குத் தேநீர் குடிக்கப் போனோம். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு களிமண் அச்சு இருந்தது. வீச்சு வலைக்கு ஈயமணி. பழைய கட்டிகள் இன்னும் கையிருப்பில் இருந்தன, மழைநாளில் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்து வார்ப்பார்கள். யாரும் மறைக்கவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை. கச்சான் காற்றுமேல் பழியைப் போட்டு ஒரு வருடத்தை இழந்தோம்.

சுட்ட மண் மணிகளை முயன்று பார்க்கச் சொன்னோம். "அது பாரம் காணாது அண்ணை, வலை விரியேக்குள்ளயே மீன் போயிடும்" என்றார்கள். வாதாடவில்லை. கரையோரத்தில், வீடுகளுக்குத் தள்ளி, நாலு பக்கமும் திறந்த ஒரு கொட்டில் போட்டோம். வார்ப்பு அங்கே மட்டும், பிள்ளைகள் வரக்கூடாது, வேலை முடிந்ததும் சட்டை மாற்றிவிட்டு வீட்டுக்கு. அடுத்த இரண்டு பரிசோதனைகளில் அந்தப் பிள்ளைகளின் அளவும் இறங்கியது.

பற்றரி உடைக்கும் தொழில் ஒழிந்ததா என்றால், இல்லை. முதலாளியின் மருமகன் முழுப் பற்றரியாக வாங்கி அனுமதி பெற்ற சேகரிப்பாளருக்கு விற்கத் தொடங்கினார். ஏழு மாதம் செய்தார். உடைத்து விற்றால் கிடைப்பதைவிட இலாபம் குறைவு. நகருக்கு வெளியே எங்கோ உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் விட்டுவிட்டார்.

காணிக்கு ஆட்கள் வந்தார்கள்

நஞ்சாகக் கிடந்த இருபது வருடத்தில் அந்தக் காணியை யாரும் உரிமை கேட்கவில்லை. மூடி, சமப்படுத்தி, நாலு மரம் நட்ட ஆறாம் மாதம் மூன்று பேர் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் பாட்டன் பெயரிலான உறுதியோடு. அரச காணி என்று ஓர் அலுவலகம். வீதிக்கு ஒதுக்கப்பட்டது என்று இன்னோர் அலுவலகம். காணியை ஒட்டி வாடகைக்கிருந்த நான்கு குடும்பங்களுக்கு வாடகை கூடியது. ஒழுங்கைக்குக் கொங்கிரீட் வந்துவிட்டதே என்பது வீட்டுக்காரரின் காரணம். அந்தக் கொங்கிரீட்டின் சாந்தைக் குழைத்தவர்களில் இருவர் அதே வாடகைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

மத்தியஸ்த சபையிலும் பிரதேச செயலகத்திலும் ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டது. கடைசியில் வந்த ஏற்பாடு: காணியின் பெரும்பகுதி முன்பள்ளிக்கும் விளையாட்டிடத்துக்கும் குத்தகையாக, ஓர் ஓரம் உறுதிக்காரருக்கு. மோசமான ஏற்பாடு இல்லை. ஆனால் அதற்குள் நான்கில் மூன்று குடும்பங்கள் போய்விட்டன. எந்தப் பிள்ளைக்காக வேலை தொடங்கியதோ அந்தப் பிள்ளையின் குடும்பமும் அதில் ஒன்று.

மாற்றிச் செய்யக்கூடியவை

காணிப் பிரச்சினையை முதல் மாதத்திலேயே எடுத்திருக்க வேண்டும். யாருக்கும் வேண்டாத நேரத்தில் குத்தகை எழுதுவது ஒரு நாள் வேலை. பெறுமதி ஏறிய பிறகு ஒரு வருட வேலை. வாடகைக் குடும்பங்களுக்கு இத்தனை வருடம் வாடகை ஏறாது என்று வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் ஒழுங்கைக்கு ஒரு மூட்டை சீமெந்தாவது இறக்கியிருக்க வேண்டும். அப்போது அவர் மறுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பரிசோதனை முடிவை வீட்டுக்கு வீடு போய், குடும்பநல மாதுவின் வாயால் சொல்லியிருக்க வேண்டும். அளப்பதற்கு முன், ஒவ்வொரு வீட்டிலும் என்ன கைத்தொழில் நடக்கிறது என்று உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். கிரவலை இறக்குமுன் சோதிப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அது சோம்பல்.

மூடல் வேலையைப் பற்றி எனக்கு முழு நம்பிக்கை இருந்தது. மூன்றாம் வருடம் முன்பள்ளிப் பக்கமாகப் புதிதாக வாடகைக்கு வந்த ஒருவர் கோழிக்கூட்டுக்குக் கால் நட வெட்டியிருக்கிறார். செம்மஞ்சள் வலை அல்ல, நாங்கள் சிக்கனத்துக்கு விரித்த கழித்த வலைதான் மண்வெட்டியில் மாட்டியிருக்கிறது. கடற்கரை ஊரில் மண்ணுக்குள் பழைய வலை வந்தால் யார் நிற்பார்? அறுத்து எறிந்துவிட்டு இன்னும் ஒரு முழம் தோண்டியிருக்கிறார். அது எதற்கு என்று அறிந்த குடும்பங்கள் அந்தப் பக்கத்தில் அப்போது இல்லை. முன்பள்ளி ஆசிரியை கண்டு தொலைபேசியில் சொன்னார். அன்று பின்னேரமே போய்க் குழியை மூடி, வெளியே வந்த மண்ணைப் பையில் கட்டினோம். அடுத்த வாரம் கழித்த வலை கிடந்த பகுதி முழுவதையும் திறந்து செம்மஞ்சள் வலை போட்டோம். கீழே என்ன இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்ற வரைபடம் குத்தகைப் பத்திரத்தோடு இணைக்கப்பட்டது, ஒரு பிரதி கிராம அலுவலரின் கோப்பில் உள்ளது. கோழிக்கூடு இப்போது கொங்கிரீட் ஒழுங்கையின் மறுபக்கத்தில் இருக்கிறது.